பால்குழிக்கு நேரே

பெல் ஒம்ப்ர்
28 நவம்பர் 1926

அன்புத் தங்கை அங்கம்மாவுக்கு அண்ணன் ஐயாசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் ஆண்டவன் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ நடமாடுகிறாயா, படுத்துக் கிடக்கிறாயா என்று எழுது.

தீவின் வடக்கே உங்கள் ட்ரியோலேயில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல் என்று இங்கே பேச்சு. வண்டிக்காரர் கையில் ஒரு போத்தல் கொய்னா மாத்திரை கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. கசக்கும், துப்பாதே. தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி விழுங்கவைக்கிற மேஸ்திரி, சர்தார் நான். இதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஒரு வேளைகூடப் பாக்கி வைக்காதே. தப்பித் தவறி விட்டுப்போனால் விட்டதையும் சேர்த்துப் போட்டுக்கொள். நாம் மறந்தாலும் காய்ச்சல் மறக்காது.

இன்னொன்று. உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த இரண்டு ஆர்ப்பான் கரும்பு நிலத்தைக் கட்டிக்கொண்டு ஒற்றைப் பெண்ணாக மாரடிக்கிறாய். ஆலைக்குக் கரும்பு பிடிக்கிற ஃப்ரான்சிஸ் அந்த நிலத்தை நீண்ட குத்தகைக்குக் கேட்கிறார். கொடுத்துவிட்டு இங்கே வந்து எங்களோடு இரு. அண்ணி ஒன்றும் உன்னைக் கடித்துவிட மாட்டாள்.

உன் நலம் வேண்டும்
அண்ணன் ஐயாசாமி


ட்ரியோலே
12 டிசம்பர் 1926

மதிப்புக்குரிய அண்ணனுக்குத் தங்கை அங்கம்மா வணக்கம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். நான் ஒரு நாள் நடுக்கம், ஒரு நாள் நிலம் என்று முறை போட்டுக்கொண்டு வாழ்கிறேன்.

போத்தல் வந்தது. ஆனால் திரௌபதை அம்மன் கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டது. இந்த வருஷமும் நான் தீ மிதிக்கிறேன். விரதம் முடியும்வரை ஒருவேளைச் சோறு, அதுவும் என் கையால் பொங்கியது. உங்கள் மாத்திரையில் மாட்டு எலும்புப் பொடி கலந்திருப்பதாகக் கோயிலில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையோ பொய்யோ, காப்புக் கட்டிய கையால் தொட மனம் வரவில்லை. போத்தலை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். நெருப்பைத் தாண்டிப் பால்குழியில் கால் நனைத்த அன்றைக்கே, நீங்கள் சொன்னபடி, விட்டதையெல்லாம் மொத்தமாகப் போட்டுத் தீர்த்துவிடுகிறேன். வேண்டுதலிலும் பாக்கி வைக்க மாட்டேன், மருந்திலும் பாக்கி வைக்க மாட்டேன்.

நிலம் விஷயம்: கொடுக்க மாட்டேன். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி மேடு கட்டின நிலம் அது. அதில் பாதிக் கல் என் கை எடுத்தது. ஃப்ரான்சிஸுக்கு என் வணக்கத்தை மட்டும் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு
அங்கம்மா


ட்ரியோலே
5 ஜனவரி 1927

ஐயாசாமி அண்ணன் அவர்களுக்கு. இதைச் சொல்வது அங்கம்மா, எழுதுவது பக்கத்து வீட்டுப் பாக்கியம். அவள் சொல்வதை மட்டும்தான் நான் எழுத வேண்டுமாம். என் பங்குக்கு அழக் கூடாதாம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே என்று கேட்கச் சொல்கிறாள்.

அண்ணே, என் கண் போய்விட்டது.

தீ நன்றாகத்தான் மிதித்தேன். பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை. வீட்டுக்கு வந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, விட்டதையெல்லாம் விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் காதுக்குள் ஆலை ஓடுகிற இரைச்சல். வாந்தி எடுத்தேன். பாதி வெளியே வந்ததால்தான் உயிர் தங்கியது என்று பாக்கியம் சொல்கிறாள். அப்படியே விழுந்து தூங்கினேன். எழுந்தபோது சேவல் கூவுகிறது, வெயில் முதுகில் சுடுகிறது, விடியவே இல்லை. விளக்கைக் கொண்டுவா என்று கத்தினேன். பாக்கியம் வந்து, ‘ஏண்டி, சூரியன் மூஞ்சிமேல அடிக்குதே’ என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செய்தி கோயிலுக்குப் போக எவ்வளவு நேரம்? எலும்புப் பொடிப் போத்தலை அரிசிப் பானையில் வைத்துக்கொண்டு தீயில் இறங்கியிருக்கிறாள், அதனால் அம்மன் கண்ணைப் பிடுங்கிக்கொண்டாள் என்று அப்பாசாமி பூசாரி சொல்லிவிட்டார். நான் வேப்பிலை கட்டிக்கொண்டு சன்னிதியில் நின்று ‘என் தீட்டால் என் கண் போனது’ என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டுமாம். இனி ஆயுசுக்கும் காப்புக் கட்டக் கூடாதாம். சொல்லாதவரை என் கரும்பில் கத்தி வைக்க மாட்டோம் என்று வெட்டுகிற ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது அண்ணே, ஆனால் சொல்லவில்லை.

(இது பாக்கியம்: அவள் இன்னும் சாப்பிடவில்லை. இதை எழுதியதை அவளிடம் சொல்ல மாட்டேன்.)


பெல் ஒம்ப்ர்
11 ஜனவரி 1927

தங்கை அங்கம்மாவுக்கு. கடிதம் பார்த்து உன் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நலம் என்று எப்படி எழுத?

பூசாரி சொல்வதில் தப்பில்லை. தெய்வத்தோடு விளையாடக் கூடாது. வேப்பிலை கட்டி மன்னிப்புக் கேள். அதில் என்ன குறைந்துவிடும்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊர் சிரிக்குமுன் அம்மன் காலில் விழு. பிறகு இங்கே வந்துவிடு. ஃப்ரான்சிஸிடம் குத்தகைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கண் இல்லாதவள் கரும்பை என்ன செய்வாய்?

போர்ட் லூயிஸ் ஆஸ்பத்திரிக்கு யாராவது கூப்பிட்டால் போகாதே. கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். அந்தப் போத்தல் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் தூர எறிந்துவிடு. யாரிடமும் காட்டிக்கொண்டிருக்காதே.

அண்ணன் ஐயாசாமி


ட்ரியோலே
30 ஜனவரி 1927

மதிப்புக்குரிய அண்ணனுக்கு அங்கம்மா சொல்ல, பாக்கியம் எழுதுவது. அண்ணியை அடுப்பு மூட்டச் சொல்லுங்கள். நான் சாகவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். பாக்கியம் கையைப் பிடித்துக்கொண்டு, பாம்ப்லெமூஸ் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில். போத்தலை மடியில் கட்டிக்கொண்டுதான் போனேன். யாரிடமும் காட்டாதே என்கிறீர்கள். காட்டாமல் வைத்தியர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கண் டாக்டர் பெயர் மொரிஸ். நடுவில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடியைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு, என் தலைக்குப் பின்னால் விளக்கை வைத்து, என் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தாராம், பாக்கியம் சொன்னாள். வெற்றிலை போட்டிருந்தால் எனக்கே வாசம் தெரியும் அளவுக்கு முகத்துக்கு முகம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு போத்தலைக் கேட்டார். எவ்வளவு, எப்போது, ஏன் என்று கேட்டார். பாக்கியைத் தீர்த்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ‘அம்மா, மருந்து கடன் இல்ல. விட்டா விட்டதுதான்’ என்று க்ரியோல் பாஷையில் சொன்னார்.

கண்ணின் உட்சுவரில் வெளிச்சம் விழுகிற திரை ஒன்று இருக்கிறதாம். அதன்மேல் ரத்தக் குழாய்கள் கிளை கிளையாக ஓடுகின்றன. உடம்பிலேயே ரத்தம் ஓடும் குழாயை அறுக்காமல் பார்க்க முடிகிற இடம் அது ஒன்றுதானாம். நாம் மூட்டை தூக்கினாலும், கோபத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டாலும், அந்தக் குழாய்கள் தாமே இறுகி, திரைக்கு வேண்டிய அளவு ரத்தத்தை மட்டும் விடும். ரத்தம் குறைந்தால் தாமே விரிந்து கூடுதலாக வாங்கிக்கொள்ளும். காலில் இருந்து தலைவரை உடம்பு எப்படித் துள்ளினாலும் கண் தன் பங்கைத் தானே அளந்துகொள்ளும். சர்தார் இல்லாமலே மடை மாற்றிக்கொள்ளும் வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். (சர்தார் என்ற வார்த்தையை அவள்தான் சொன்னாள், நான் இல்லை. பாக்கியம்.)

நான் போட்ட கொய்னா அந்தக் குழாய்களை ஒரேயடியாக இறுக்கிவிட்டது. நூலாகச் சுருங்கி, திரை வெளுத்துக் கிடக்கிறதாம். சோறு இல்லாத திரை எதைப் பார்க்கும்?

ஒதில் என்ற நர்ஸ் தலையணையை உருவிவிட்டு என்னைத் தலை தாழப் படுக்கவைத்தாள். டாக்டர் துணி சுற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை என் மூக்கருகே உடைத்தார். அழுகின பழ வாசனை. முகம் குப்பென்று கொதித்து, நெஞ்சு தடதடத்தது. சுருங்கினதை விரியச் சொல்கிற மருந்தாம். கண் திறக்குமா என்று கேட்டேன். ‘நான் கதவைத் தட்டலாம். தொறக்கறது உன் கண்ணோட இஷ்டம்’ என்றார். பொய் சொல்லாத மனிதர். எனக்குப் பிடித்துவிட்டது.

இன்னும் இருட்டுதான். ஆனால் இருட்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதனால் வேப்பிலை கட்ட மாட்டேன். ஃப்ரான்சிஸுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு உங்களுடையது, நிலம் என்னுடையது.

அங்கம்மா


பெல் ஒம்ப்ர்
14 பிப்ரவரி 1927

தங்கைக்கு. இங்கே சுகம். காற்று மழை பலமாக இருந்தது, கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். அவர்கள் ஊரில் அம்மன் கிடையாது. மாசியில் வண்டி வைத்துக்கொண்டு வந்து உன்னை அழைத்துப் போகிறேன். குத்தகைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் போதும்.

ஐயாசாமி


ட்ரியோலே
20 மார்ச் 1927

மதிப்புக்குரிய அண்ணனுக்கு அங்கம்மா என் கையால் எழுதுவது. வரிகள் ஓரத்தில் போய் இடித்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்குக் காகிதத்தின் ஓரம் தெரியாது. மாசி போய்விட்டது, வண்டி வரவில்லை. நல்லதாயிற்று.

நடுக்கண் திறந்துவிட்டது அண்ணே! முதலில் பாக்கியத்தின் மூக்குத்தி தெரிந்தது. பிறகு மூக்கு. முழு முகம் வர நாளாயிற்று, அவளுக்கு முகம் பெரியது. இப்போது நேரே பார்த்தால் ஊசியில் நூல் கோப்பேன். பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. அடுப்பு ஊதுகிற குழல் வழியாக உலகத்தைப் பார்ப்பது மாதிரி. ஓரத்துக் குழாய்கள் சுருங்கினது சுருங்கினதுதான், அவை திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு இனி கொய்னாவே கூடாதாம், கஷாயமும் கொசுவலையும்தான்.

அவர் எனக்கு இன்னொரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். வெயில் நேரத்தில் நீல வானத்தை இமைக்காமல் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். சூரியன் பக்கம் பார்க்கக் கூடாது. சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள் துள்ளித் துள்ளி ஓடும். நாடி துடிக்கும்போது வேகம் எடுக்கும். ஒன்று போன வழியிலேயே அடுத்ததும் போகும். அது வானத்தில் இல்லை, நம் கண்ணுக்குள் ஓடுகிற நம் ரத்தம். முதல் முறை பார்த்தபோது நான் கொல்லையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஓடுகிறது அண்ணே. எனக்குள்ளே ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி வேப்பிலையோடு தயாராக நின்றார். நான் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, எல்லோரும் வானத்தைப் பாருங்கள் என்றேன். இவளுக்குப் புத்தியும் போச்சு என்று யாரோ சிரித்தார்கள். பாக்கியம் முதலில் பார்த்தாள். ‘அடி ஆத்தா, ஓடுதுடி’ என்று கத்தினாள். அப்புறம் கரும்பு வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்தார்கள். கடைசியில் அப்பாசாமி பூசாரியும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ‘எனக்கும் தெரியுது’ என்றார், மெதுவாக.

அப்போது நான் சொன்னேன்: ‘அது உங்க உங்க ரத்தம். எனக்கு அது நின்னுபோயிருந்துச்சு. நிறுத்துனது அம்மன் இல்ல, ஒரு பிடி மாத்திரை. என் பாதத்தைச் சுடாம விட்டவ, கண்ணை ஏன் பிடுங்கப் போறா? நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். கேட்டா அவமேல பொய்ப்பழி போட்ட மாதிரி ஆகும்.’

பூசாரி வேப்பிலையைத் தூணருகே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது உங்களிடம் ஒன்று. அனுப்பியது உங்கள் போத்தல். விட்டதைச் சேர்த்துப் போடு என்றது உங்கள் வார்த்தை. அதை வேண்டுதல் மாதிரி எடுத்துக்கொண்டது என் புத்தி. டாக்டரிடம் யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை. ஊரிலும் சொல்லவில்லை. ஆனால் நீங்களாவது அம்மன்மேல் போடாதீர்கள். கொலைக்குற்றமா செய்தீர்கள்? தங்கைக்குக் காய்ச்சல் என்று துடித்து மருந்து அனுப்பினீர்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் வீட்டு மூலையில் உட்காரவைத்தால் அது சரியாகிவிடுமா? தினம் தினம் என் முகத்தைப் பார்த்து நீங்கள்தான் செத்துப்போவீர்கள். நான் வர மாட்டேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்
அங்கம்மா


ட்ரியோலே
3 ஜூலை 1927

மதிப்புக்குரிய அண்ணனுக்கு. நான் சுகம். சித்திரையில் ஒன்று எழுதினேன், வைகாசியில் ஒன்று எழுதினேன். பதில் இல்லை. தபால்காரரிடம் சண்டை போட்டுவிட்டேன், பாவம் அவர்.

கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. ஆட்கள் வந்தார்கள். சாபம் என்ற பேச்சையே எடுக்கவில்லை, சாப்பாட்டு நேரத்தில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கிறார்கள். நானும் வெட்டுகிறேன். கோழி மாதிரித் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கத்தியை ஓங்குவேன். என் பக்கத்து வரிசையில் நிற்க எவனுக்கும் தைரியம் இல்லை. ஃப்ரான்சிஸ் ஒரு நாள் வேலி ஓரம் வந்து வெகுநேரம் நின்றாராம். எனக்குத் தெரியவே இல்லை, அவரும் கூப்பிடாமல் போய்விட்டார்.

ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அங்கம்மா


பெல் ஒம்ப்ர்
18 செப்டம்பர் 1927

அங்கம்மாவுக்கு. உன் அண்ணி சுகம். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன.

ஃப்ரான்சிஸிடம் குத்தகை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. மாத்திரை போடுவதில்லை. ஆட்களுக்குக் கொடுக்கிற வேலையை வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தோட்டத்து வாசலில் உட்கார்ந்து நீ சொன்னபடி வானத்தைப் பார்த்தேன். ஓடுகிறது.

பொழுது சாய்ந்த பிறகு உனக்குக் கண் தெரிகிறதா?

ஐயாசாமி


ட்ரியோலே
27 நவம்பர் 1927

என் அண்ணனுக்கு அங்கம்மா எழுதுவது. அண்ணி தனியாக எழுதின கடிதம் நேற்று வந்தது. நீங்கள் நடுங்கிக்கொண்டே வேலைக்குப் போகிறீர்களாம், மாத்திரையை நீட்டினால் கையைத் தட்டிவிடுகிறீர்களாம். நலமா என்று உங்களைக் கேட்க எனக்கு மனம் இல்லை. திட்டத்தான் வருகிறது.

உங்களுக்கு மூளை இருக்கிறதா? கொய்னா எனக்குத்தான் விலக்கு, உங்களுக்கு இல்லை. நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தால் என் ஓரக்கண் திரும்பி வந்துவிடுமா? யாருக்கு இந்த விரதம்? இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அண்ணியிடம் கேட்டு வாங்கி விழுங்குங்கள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. இத்தனை மாதமாக விட்டதைக் கூட்டிப் போடாதீர்கள். விட்டது விட்டதுதான்.

கேட்டீர்களே, அதற்குப் பதில். பொழுது சாய்ந்தால் தெரியாது. மாடு வீடு திரும்புமுன் நான் திரும்பிவிடுகிறேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் காப்புக் கட்டுகிறார்கள். நான் போய் அப்பாசாமி பூசாரி முன்னால் கையை நீட்டி நிற்கப் போகிறேன். கட்டுவீர்களா என்று முன்கூட்டியே கேட்டேன். ‘நீட்டுனா கட்டறேன்’ என்றார். விரதத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டேன். யோசித்துவிட்டு, விபூதித் தட்டிலேயே மாத்திரையை வைத்துத் தன் கையால் கொடுப்பதாகச் சொன்னார், ஒரு வேளைக்கு இரண்டு மட்டும். தீ மிதியையும் இந்த வருஷம் நல்ல வெயிலிலேயே வைத்துக்கொள்கிறார்கள். பூசாரிக்கு முழங்கால் வலி, இருட்டில் நிற்க முடியாது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். அவர் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பாக்கியம் பயப்படுகிறாள். பக்கம் தெரியாதவள் நெருப்பில் எப்படி இறங்குவாய் என்கிறாள். நெருப்பில் இறங்கினவள் பக்கத்தில் எதற்குப் பார்க்க வேண்டும்? நேரே பார்த்து நடந்தால் போதும். அந்த அளவுக்கு என்னிடம் கண் இருக்கிறது.

நீங்கள் வர வேண்டும். உங்கள் பக்கத்துச் சுயாக்கில் ரயில் ஏறி, அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் ஒதுங்கி, வேலி ஓரமாக, யாருக்கும் தெரியாமல் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். ஓரத்தில் நின்றால் நீங்கள் வந்ததே எனக்குத் தெரியாது. நெருப்பு முடிகிற இடத்தில், பால்குழிக்கு அந்தப் பக்கம், எனக்கு நேரே நில்லுங்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறேன்.

தங்கை
அங்கம்மா